டொக்டர் ஐஞ்சு நிமிஷம், மகன் ஒரு வரி

1

போன மாதம் ஆரூரன்ரை பேருக்கு ஒரு கடிதம் வந்தது. ஆரூரன் என்ரை மகன், ஒரே பிள்ளை. கடிதம் அவன் முந்தி விளையாடின கழகத்திலை இருந்து. சாமான்களை எல்லாம் எண்ணிப் பாக்கினமாம், அவனுக்குக் குடுத்த ஹெல்மெட் இன்னும் திரும்பி வரேல்லையாம், தயவு செய்து கொண்டுவந்து தரட்டாம்.

கடிதத்தை உடைச்சு வாசிச்சது நான். அகராதி பாத்தது ரெண்டே ரெண்டு சொல்லுக்குத்தான். சிரிக்காதேங்கோ, இது எங்கடை வீட்டிலை பெரிய விஷயம். டுசல்டோர்ஃபுக்கு வந்து முப்பது வருஷம். எங்களுக்கு வாற ஜெர்மன் கடிதங்களை முதலிலை ஒரே அறையிலை கூட இருந்த பெடியள் வாசிச்சாங்கள், பிறகு எட்டு வயசிலை இருந்து ஆரூரன் வாசிச்சான். இப்ப அவனுக்கு இருபத்திரண்டு. நாலு வரி வாசிச்சா தலை இடிக்குது எண்டு கண்ணை மூடிக்கொண்டு படுத்திடுவான். அதாலைதான் நான் இந்த வயசிலை கிழமைக்கு ரெண்டு நாள் வேலை முடிய, சப்பாத்தைக்கூட மாத்தாமல் ஜெர்மன் வகுப்புக்கு ஓடுறன். ரெண்டு வருஷமா ஓடுறன்.

கோதாரி விழுந்த ஹெல்மெட், எடுத்துக் குடுத்துத் துலைப்பம் எண்டு கெல்லருக்கு இறங்கினன். கட்டடத்துக்கு அடியிலை ஒவ்வொரு வீட்டுக்கும் சாமான் போட ஒரு கம்பிக் கூடு இருக்கும், அதைத்தான் கெல்லர் எண்டுறது. அவன்ரை விளையாட்டுப் பை மூலையிலை கிடந்தது. ஹெல்மெட்டின்ரை நெற்றிப் பக்கம் முழுக்கக் கீறல், அந்தக் கீறலுக்குள்ளை வேறை வேறை நிறத்துப் பெயின்ற். மற்றவன்ரை ஹெல்மெட் வந்து இடிச்ச இடங்கள். எண்ணத் தொடங்கி நிப்பாட்டிப்போட்டன்.

பையின்ரை பக்கப் பொக்கற்றிலை நாலா மடிச்ச ஒரு கடதாசியும் கிடந்தது. அவன்ரை பதினேழாவது வயசிலை நரம்பு டொக்டர் எழுதிக் குடுத்த கடதாசி. கடைசிப் பக்கத்திலை என்ரை கையெழுத்து. அந்தக் கடதாசியாலைதான் இதை எழுத வெளிக்கிட்டனான்.

2

ஊரிலை இருந்து வாசிக்கிற உங்களுக்கு ஒண்டு சொல்லவேணும். இஞ்சை எங்கடை பிள்ளையள் கதைக்கப் பழகின கையோடை உத்தியோகத்துக்குப் போயிடுவினம். சம்பளம் இல்லாத உத்தியோகம். விசா அலுவலகத்திலை, பள்ளிக்கூடத்திலை, டொக்டரிட்டை, எல்லா இடத்திலும் தாய் தேப்பனுக்கு நடுவிலை ஒரு கதிரை, அதிலை கால் நிலத்திலை முட்டாமல் ஒரு பிள்ளை. எனக்கு வேலை ஜெர்மன் தெரியும். விமானத்துக்குச் சாப்பாடு அடுக்கிற இடத்திலை வேலை. தட்டு, கரண்டி, கெதியா, பிந்திப்போச்சு, இதுகளை வைச்சுக்கொண்டு இருபத்தைஞ்சு வருஷம் தள்ளலாம். டொக்டரின்ரை ஜெர்மன் வேறை.

மொழிபெயர்க்கிறதிலை வெட்டிக் கொத்திச் சொல்லப் பழக்கினதும் நான்தான். எனக்குக் கொஞ்சம் வாய் கூட. வீட்டுக்காரன் குளிருக்குள்ளை ஹீற்றர் திருத்தாமல் இழுத்தடிக்க, நான் அவனைத் தமிழிலை நாறக்கிழி கிழிச்சன். ஆரூரனுக்கு அப்ப ஒன்பது வயசு. அவன் என்னை ஒருக்கால் பாத்தான், வீட்டுக்காரனைப் பாத்தான், பிறகு வலு மரியாதையா ஏதோ சொன்னான். அடுத்த நாள் ஹீற்றர் வேலை செய்தது. "கெட்டிக்காரன்ரா, எல்லாத்தையும் அப்பிடியே சொல்லத் தேவையில்லை" எண்டு நான் முதுகிலை தட்டினன்.

அவனுக்குப் பதினொண்டு நடக்கேக்கை என்ரை மனிசி ரதிக்கு மார்பிலை கட்டி. டொக்டர் சொன்னதை அவன் எங்களுக்குச் சொன்னான். "சின்னக் கட்டியாம் அம்மா, எடுத்துவிட்டால் சரியாம்." ஒப்பரேஷன் முடிஞ்சு, மருந்தேத்தி, எல்லாம் தேறின பிறகுதான் ஒரு தமிழ் நேர்ஸ் சொல்லி எங்களுக்குத் தெரியும், அது புற்றுநோய், பயப்பிடவேண்டிய கட்டத்திலை இருந்தது எண்டு. பதினொரு வயசுப் பிள்ளை அத்தனை மாசமா அதைத் தனியத் தன்ரை வயித்துக்குள்ளை வைச்சிருந்திருக்கிறான். இராத்திரியிலை படுக்கையை நனைச்சவன். நாங்கள் ஏசினம்.

தெரிய வந்த பிறகு நான் என்ன செய்தன்? கட்டிப் பிடிச்சு அழுதிருக்கவேணும். நான் பெருமைப்பட்டன். தமிழ்ப் பள்ளிக்கூடப் பரிசளிப்பு, பிறந்தநாள், சாமத்திய வீடு, எங்கை போனாலும் அந்தக் கதைதான். "தாயைப் பயப்பிடுத்தாமல் பாத்தவன் என்ரை பிள்ளை." சனம் அவன்ரை தலையைத் தடவிச்சுது. அவனும் நிண்டு கேட்டுக்கொண்டிருந்தான்.

3

பதினைஞ்சு வயசிலை ஒரு பள்ளிக் கூட்டாளி அவனை அமெரிக்கக் கால்பந்து விளையாடக் கூட்டிக்கொண்டு போனான். பேரிலைதான் கால், காலாலை தொடுறதே அருமை. றக்பி மாதிரி ஒண்டு, ஆனா தோளுக்கும் நெஞ்சுக்கும் கவசம், தலைக்கு ஹெல்மெட். நாலு செக்கன் ஓட்டம், ஒரு இடி, எல்லாரும் எழும்பி நிண்டு ஒரு கூட்டம், திரும்ப நாலு செக்கன். முதல் மச் பாக்கப் போன எனக்கு ஒரு மண்ணும் விளங்கேல்லை. பக்கத்திலை நிண்ட ஜெர்மன்காரன் கத்த நானும் கத்தினன். பாத்தா அவன் எதிர்க் கழகத்துக்காரன்.

ஆரூரன்ரை வேலை முன் வரிசையிலை நிண்டு மறிக்கிறது. பந்து அவன்ரை கையிலை படாது, கோலும் இல்லை, படமும் இல்லை. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு இடி, அவ்வளவுதான். ஆனா அந்தப் பச்சைப் புல்லிலை அவன் நிண்ட நிலையை நீங்கள் பாத்திருக்கவேணும். வகுப்பிலை கூனிக்கொண்டு இருந்த பிள்ளை. "எங்கையிருந்து வந்தனி எண்டு அங்கை ஒருத்தனும் கேக்கிறேல்லை அப்பா, எத்தினையாம் நம்பர் எண்டுதான் கேப்பாங்கள்" எண்டு ஒருநாள் சொன்னான்.

பயமாத்தான் இருந்தது. ஆனா அந்த ஹெல்மெட்டைக் கையிலை தூக்கிப் பாத்தன், என்ன பாரம்! எங்கடை காலத்திலை வெறுந்தலையோடை கிரிக்கெட் விளையாடினம், இவனுக்கென்ன எண்டு நினைச்சன். மண்டை உடையாமல்தான் அது காக்கும், உள்ளுக்கை மூளை குலுங்கிறதை நிப்பாட்டாது எண்டு இப்பத்தான் படிச்சன். சீனிப் போத்திலுக்கு எவ்வளவு பஞ்சு சுத்தினாலும், குலுக்கினா உள்ளை இருக்கிறது குலுங்கத்தானே செய்யும்.

பதினேழிலை ஒரு மச்சிலை விழுந்து கொஞ்ச நேரம் எழும்பேல்லை. அடுத்த கிழமை நரம்பு டொக்டரிட்டை டெர்மின், அதுதான் போய்ப் பாக்கிறதுக்கு ஒரு நேரம், கிடைச்சது. நாங்கள் மூண்டு பேரும் போனம். அவன் நடுக் கதிரையிலை. டொக்டர் ஒரு பெண், கண்ணாடி போட்டவ, ஆறுதலாத்தான் கதைச்சா. அவனைக் கேள்வி கேட்டா, அவன் பதில் சொன்னான், பிறகு எங்களைப் பாத்துக் கதைச்சா. ஐஞ்சு நிமிஷம் இருக்கும். மேசையிலை பிளாஸ்ரிக் மூளை ஒண்டு இருந்தது, அதைக் கையிலை எடுத்துக் காட்டியும் சொன்னா. முடிச்சுப்போட்டு அவனைப் பாத்தா.

ஆரூரன் எங்களிட்டைத் திரும்பினான். "ரெண்டு கிழமை விளையாடக்கூடாதாம். பிறகு பிரச்சினை இல்லையாம்."

ஐஞ்சு நிமிஷக் கதை ஒரு வரியா வந்தது. எனக்கு அது தெரிஞ்சது. விளங்கேல்லை எண்டு நான் சொல்லமாட்டன், அந்தக் கணம் எனக்கு வடிவாத் தெரிஞ்சது. டொக்டர் என்னை நேரை பாத்து "விளங்கினதோ?" எண்டு ஜெர்மனிலை கேட்டா. நான் "யா, யா" எண்டு தலையாட்டினன். இந்த நாட்டிலை நாங்கள் முதல் படிச்ச சொல்லு அதுதானே. காட்டின இடத்திலை கையெழுத்தும் வைச்சன்.

பஸ் தரிப்பிலை வைச்சு ரதி கேட்டா, "இஞ்சாருங்கோ, உந்த டொக்டர் 'நிக்ஷ்ட்' 'நிக்ஷ்ட்' எண்டு கனதரம் சொன்னவ எல்லே. கூடாது, கூடாது எண்டெல்லோ சொல்லியிருப்பா?"

"இஞ்சை பிறந்த பிள்ளைக்கு விளங்காதது உமக்கு விளங்கிச்சுதோ?" எண்டு நான் பாய்ஞ்சன். ஆரூரன் தெருவைப் பாத்துக்கொண்டு நிண்டான்.

4

பிறகும் மூண்டு வருஷம் விளையாடினான்.

சின்னச் சின்ன விஷயங்கள் பிழைச்சுக்கொண்டு வந்தது. ஒரு மச் முடிஞ்சு காரிலை வரேக்கை, "அப்பா, ஆர் வெண்டது?" எண்டு கேட்டான். சொன்னன். ரெண்டு சிக்னல் தாண்ட திரும்பக் கேட்டான். பகிடி விடுறான் எண்டு சிரிச்சன். மூண்டாந்தரமும் கேட்டான். வெளிச்சம் கூடாது எண்டு பகலிலை திரையை இழுத்து மூடினான். தாயோடை சத்தம் போட்டுக் கதைக்காத பிள்ளை, சோறு குழைஞ்சுபோச்சு எண்டு கோப்பையைச் சுவரிலை எறிஞ்சான். எறிஞ்சுபோட்டு, ஏன் எறிஞ்சனான் எண்டு தெரியாமல் நிலத்திலை இருந்து அழுதான். இருபதாவது வயசிலை பயிற்சியிலை விழுந்தவன்தான், அதோடை விளையாட்டும் போச்சு, படிச்ச அவுஸ்பில்டுங்கும் போச்சு. காப்புறுதிக் கம்பனியிலை ரெண்டாம் வருஷத் தொழிற்பயிற்சி. நம்பர்களைப் பாத்தா நெளியுது எண்டான்.

நான் ஆரைப் பழி சொன்னன் தெரியுமோ? அந்த டொக்டரை. ரெண்டு வருஷம், காணுற தமிழ்ச் சனம் எல்லாருக்கும். "ஒரு வார்த்தை, விளையாட்டை விடச் சொல்லியிருந்தா, நான் விட்டிருப்பனோ? ரெண்டு கிழமை எண்டு சொல்லி என்ரை பிள்ளையின்ரை தலையைத் தின்னக் குடுத்தவ." கோயில் வாசலிலை நிண்டுகூடச் சொன்னனான். திரும்ப அவவிட்டைப் போகமாட்டன் எண்டு வேறை வேறை டொக்டர்மாரிட்டை அலைஞ்சன்.

போன மாதம் கெல்லரிலை, மங்கின வெளிச்சத்திலை, அந்தக் கடதாசியை நானே வாசிச்சன். ஒரு மணித்தியாலம் எடுத்தது. வகுப்பிலை படிச்ச ஜெர்மன் எல்லாம் அண்டைக்குத்தான் வேலைக்கு வந்தது.

அதிலை இருந்தது இதுதான். இது மூண்டாவது தரம் மூளை அதிர்ந்தது எண்டு பெடியனே சொல்லுறான். முன்னைய ரெண்டையும் எங்களுக்குத் தெரியாது. வருத்தம் முழுக்க மாறும்வரை பயிற்சியே கூடாது. அதுக்குப் பிறகும் இடிபடுகிற விளையாட்டை நிரந்தரமாக விடும்படி வலியுறுத்திச் சொல்லப்பட்டது. கடைசி வரி: பெற்றோருக்கு விளக்கப்பட்டது, பெற்றோர் விளங்கிக்கொண்டனர். அதுக்குக் கீழை நான்.

நான் அந்த ஹெல்மெட்டுக்குப் பக்கத்திலை சீமெந்து நிலத்திலை இருந்திட்டன்.

5

மேலை வந்து கடதாசியை அவன்ரை கட்டிலிலை வைச்சன். மத்தியானம், ஆனா திரை மூடியிருந்தது. சத்தம் போடக்கூடாது எண்டு படியிலையே எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தனான்.

"இதை ஏனப்பன் எங்களுக்குச் சொல்லேல்லை?"

அவன் வாசிக்கேல்லை, கடதாசியின்ரை நிறத்தைப் பாத்தே விளங்கிட்டுது. இப்பெல்லாம் அவன் சொல்லைத் தேடித்தான் எடுக்கவேணும், நாங்கள் அவசரப்படுத்திறேல்லை.

"சொன்னா விளையாட விடமாட்டியள்" எண்டான். பிறகு, "அம்மாவும் பயந்திடுவா."

"அதுக்குப் பொய் சொல்லுறதோடா?"

"அம்மாவின்ரை ஒப்பரேஷனுக்கும் நான் அப்பிடித்தானே அப்பா சொன்னனான். நீங்கள் எல்லாருக்கும் சொல்லிச் சந்தோஷப்பட்டனீங்கள்."

குத்திக் காட்டச் சொன்னவன் இல்லை. அவன் குரலிலை கோவம் இல்லை. கணக்கு ஒண்டுக்கு வழி காட்டிற மாதிரிச் சொன்னான். ஐயோ எண்டு கத்தவேணும் போலை இருந்தது, ஆனா சத்தம் அவன்ரை தலைக்குக் கூடாது. வெளியிலை போய் றைன் ஆத்தங்கரையிலை நிண்டு அழுதன்.

6

ஹெல்மெட்டை எடுக்கப் பயிற்சியாளர் மார்க்குஸ் தானே வீட்டை வந்தார். நல்ல மனிசன், நாப்பத்தைஞ்சு வயசிருக்கும், தானும் இருபது வருஷம் விளையாடினவர். ரதி தேத்தண்ணி குடுத்தா. இப்ப எல்லாம் மாறிக்கொண்டு வருகுது எண்டு சொன்னார். சின்னப் பிள்ளையளுக்கு இடுப்பிலை துணிப்பட்டி கட்டி, அதை இழுத்தெடுத்தால் போதும், இடியே இல்லை. பெரியாக்களுக்கும் பயிற்சியிலை இடி குறைச்சாச்சு. தலையிலை பட்டால் அண்டைக்குத் திரும்ப இறங்கேலாது. "இந்த விளையாட்டு இப்பிடியே நெடுகப் போகேலாது எண்டு எங்களுக்கும் தெரியும்" எண்டார். அதே நேரம் அமெரிக்காவிலை இருந்து பெரிய குழுக்கள் இஞ்சை வந்து விளையாட, ஸ்ரேடியம் நிரம்பி வழியுது, ட்ராமிலை அந்தக் குழுக்களின்ரை சட்டை போட்ட சனம் பாட்டுப் பாடிக்கொண்டு போகுது. எது வெல்லும் எண்டு எனக்குத் தெரியாது.

போகேக்கை அறை வாசலிலை நிண்டு பிள்ளையோடை ரெண்டு வார்த்தை கதைக்கப் பாத்தார். வாயைத் திறந்தவர் நிண்டிட்டார். பிறகு மெல்ல இடது கையை விரிச்சுப் பாத்தார். உள்ளங்கையிலை நீலப் பேனையாலை எங்கடை தெருப் பேரும் வீட்டு இலக்கமும். அதுக்குக் கீழை "ஆரூரன்" எண்டு ஜெர்மன் எழுத்திலை. ஐஞ்சு வருஷம், கிழமைக்கு மூண்டு தரம் பேர் சொல்லிக் கூப்பிட்ட பிள்ளை. நான் பாத்ததை அவர் கண்டிட்டார். கையைப் பொத்திக்கொண்டு, "சில நாளையிலை இப்பிடி" எண்டார். நான் அவரோடை கோவிக்க வைச்சிருந்ததெல்லாம் அதோடை போச்சு.

என்னோடை வேலை செய்யிற சுதன்ரை மகனுக்குப் பதினாலு வயசு, அவனும் சேரப் போறன் எண்டு நிக்கிறானாம். தட்டு அடுக்கிக்கொண்டே சுதன் கேட்டான், "அண்ணை, நீங்கள் சொல்லுங்கோ, விடட்டோ வேண்டாமோ?"

"இடிக்கிறதுக்கு விடாதை எண்டுதான் நான் சொல்லுவன். முடிவு உன்ரை" எண்டன். "ஆனா ஒண்டு. டொக்டரிட்டைப் போகேக்கை அவனை மொழிபெயர்க்க விடாதை. ஆளில்லாட்டி என்னைக் கூப்பிடு, வாறன். அவன்ரை தலையைப் பற்றி அவனைக்கொண்டு சொல்லுவிச்சியோ, உன்னோடை எனக்குக் கதையே இல்லை."

சுதன் கரண்டியைக் கீழை வைச்சிட்டு என்னைப் பாத்தான்.

7

அந்த டொக்டரிட்டையே திரும்ப டெர்மின் எடுத்தன். நானே ரெலிபோனிலை கதைச்சு எடுத்தன். ரதிக்கு வேலை, நாங்கள் ரெண்டு பேரும்தான் போனம். இந்த முறை நடுக் கதிரை எண்டு ஒண்டில்லை.

முதலிலை மன்னிப்புக் கேட்டன். என்ரை ஜெர்மன் ஓட்டை ஒடிசல்தான், ஆனா ரெண்டு வருஷம் உங்களைப் பிழையாக் கதைச்சனான், பிழை என்ரை எண்டு சொல்லி முடிச்சன். அவ கண்ணாடியைக் கழட்டினா. "நானும் ஒரு மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிட்டிருக்கவேணும். பிழையிலை பங்கு எனக்கும் இருக்குது" எண்டா.

பிறகு ஆரூரனைச் சோதிச்சா, படங்களைப் பாத்தா, கதைச்சா. அவன் தொப்பியைக் கண்ணுக்கு மேலை இழுத்துக்கொண்டு கொஞ்ச நேரம் கேட்டான். அங்காலை களைச்சுப்போனான். எனக்கு விளங்கிச்சுது. விளங்காத இடத்திலை நிப்பாட்டி, "திரும்பச் சொல்லுங்கோ" எண்டு கேட்டன். நாலு தரம் கேட்டன், அவ நாலு தரமும் சொன்னா.

ஆரூரன் தமிழிலை கேட்டான், "என்னவாம் அப்பா?"

என்ரை வாயிலை ஒரு வரி ரெடியா வந்து நிண்டது. கொஞ்சக் காலத்திலை எல்லாம் சரிவருமாம். சத்தியமாச் சொல்லுறன், அது தானா வந்தது, நாக்கு நுனி வரைக்கும். அவன் தொப்பிக்குக் கீழாலை என்ரை முகத்தைப் பாத்துக்கொண்டிருந்தான். வெட்டிக் கொத்திச் சொல்லுற விளையாட்டிலை என்னிலும் அவன் பெரிய ஆள் எல்லோ.

சொன்னன். தலையிடியும் வெளிச்சக் கூச்சமும் மெல்ல மெல்லக் குறையலாமாம். ஞாபகம் எவ்வளவு திரும்பும் எண்டு சொல்லேலாதாம், பழையபடி வராமலும் போகலாமாம். கன இடி வாங்கினவைக்குப் பிற்காலத்திலை வாற ஒரு மூளை வருத்தம் இருக்குதாம், அது உனக்குத் தொடங்கியிருக்குதோ இல்லையோ எண்டு உயிரோடை இருக்கேக்கை ஒருத்தராலையும் முடிவாச் சொல்லேலாதாம், ஆள் போன பிறகுதான் மூளையைப் பாத்துச் சொல்லுறதாம். வராமலே விடவும் கூடுமாம். ஐஞ்சு நிமிஷத்துக்கு மேலை எடுத்தது.

அவன் தலையாட்டினான். "அம்மாட்டை நான் சொல்லுறன்" எண்டான். கொஞ்சம் பொறுத்து, "குறைச்சுச் சொல்லுவமோ?"

"வேண்டாமப்பன்."

வீட்டை வர, ரதி வேலைச் சட்டையைக்கூட மாத்தாமல் குசினி மேசையிலை இருந்தா. ஆரூரன் முன்னாலை இருந்து தொடங்கினான். தலையிடியைச் சொன்னான், வெளிச்சத்தைச் சொன்னான், ஞாபகத்தைச் சொல்ல வெளிக்கிட்டு நடுவிலை நிண்டுபோனான். கண் அங்கும் இங்கும் தேடிச்சுது. பிறகு என்னட்டைத் திரும்பினான்.

"அதுக்குப் பிறகு என்ன அப்பா?"

அவன் விட்ட இடத்திலை இருந்து மிச்சத்தை நான் சொன்னன். ரதி அவன்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு கடைசி வரைக்கும் கேட்டா. கண்ணீர் தன்பாட்டுக்கு ஓடிச்சுது, துடைக்கேல்லை.

"முழுக்கச் சொல்லிட்டமே?" எண்டு அவன் கேட்டான். "ஒண்டையும் விடேல்லைத்தானே அப்பா?"

"இல்லையப்பன்" எண்டன். "ஒண்டையும் விடேல்லை."